இருட்டு யாருடையது?

மாடியில் படுத்து எண்ணினேன். பதினாலு. சென்னை வானத்தில் அவ்வளவுதான் மிச்சம். "நகரம் நட்சத்திரத்தையெல்லாம் தின்னுடுச்சு தோழர்" என்று பக்கத்தில் இருந்தவர் வருந்தினார். எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் ஊரில் விளக்குக் கம்பம் ஊர்த்தெருவோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் சேரி. எங்களுக்கு வானம் முழுசாகக் கிடைத்தது, பாம்பும் கிடைத்தது. வெள்ளி முளைச்சதும் ஆயா நடவுக்கு எழுந்தாள். அவளுக்கு அது ஆண்டை வீட்டு மணி. (அறுமீனைப் பாட்டில் படித்து எம்.ஏ. மார்க் வாங்கிய நான், அதை வானத்தில் கண்டது அவள் விரலைப் பிடித்துத்தான்.) ஜவ்வாது மலைக் காவலூருக்கு 2.3 மீட்டர் தொலைநோக்கியோடு விஞ்ஞானிகள் இருட்டைத் தேடிப் போனார்கள். எங்கள் இருட்டை யாரும் தேடவில்லை, எங்கள்மேல் போட்டார்கள்.

அதற்காக வானம் வேண்டாம் என்றுவிட முடியுமா? 2016 சனவரியில் ரோகித் வெமுலா விட்டுச்சென்ற கடிதத்தில், கார்ல் சாகனைப்போல் அறிவியல் எழுத விரும்பியதைச் சொல்லியிருந்தார். அதை மேட்டுக்குடி ஆசை என்று எவன் சொல்வான்?

மூடியில்லாத விளக்கிலிருந்து மேலே போகும் வெளிச்சம் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறித்தான் வானம் வெளுக்கிறது. குடை போட்டுக் கீழே திருப்பினால் காலடியும் தெரியும், நட்சத்திரமும் கொஞ்சம் திரும்பும். ஆனால் அணைக்கச் சொல்கிறவர்களே, முதலில் எதை? விடியவிடிய எரியும் விளம்பரப் பலகையையா, நகருக்கு வெளியே எறியப்பட்ட குடியிருப்பின் ஒற்றைக் கம்பத்தையா?

சேரிக்குக் கம்பம் வந்த பிறகு, வெள்ளி மங்கிப்போச்சே என்று ஆயாவிடம் கேட்டேன்.

"போடா. இப்பத்தான் ராத்திரி வெளிய போக பயமில்ல" என்று கம்பத்தடியில் உட்கார்ந்து வெத்திலை மடித்தாள்.