கடலைக் காட்டுவது

சித்திரை பிறந்துவிட்டால் கோயமுத்தூர்க்காரர்கள் அடிக்கடி மேற்கே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று என்றைக்குத் திரும்பும் என்ற கவலை. முன்பெல்லாம் வசதி உள்ளவர்கள் நீலகிரிக்கு ஏறினார்கள். இல்லாதவர்கள் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஆடிக் காற்றுக்குக் காத்திருந்தார்கள். இப்போது வேறொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. கணவனும் மனைவியுமாக விடியற்காலை நாலு மணிக்குக் காரில் ஏறுகிறார்கள். ஒன்பது மணிக்கு மலையாளக் கரையில் கடலைப் பார்க்கிறார்கள். கொச்சிக் கோட்டை, அரண்மனை, தேவாலயம் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு இரவு பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறார்கள். போக வர ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். ஒரு நாள் லீவு போதும்.

மறுநாள் ஆண்கள் இதைச் சொல்லும் விதத்தைக் கவனித்திருக்கிறேன். “ஊட்டுல அவளுக்குக் கடலைக் காட்டிக் கூட்டியாந்துட்டனுங்க” என்பார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். கடன் ஒன்றை அடைத்துவிட்டு வந்தவரின் நிறைவு.

அந்தச் சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். காண்பது ஒருவரின் செயல். காட்டுவது இன்னொருவரின் செயல். அவர் காட்டிவிட்டார், சரி. அவள் கண்டாளா? ஒருவர் மற்றொருவருக்குச் சோறு போடலாம், சேலை எடுத்துக் கொடுக்கலாம், வீடு கட்டிக் கொடுக்கலாம். இன்பத்தையும் அதுபோல எடுத்துக் கொடுத்துவிட முடியுமா? எந்த இடத்தில் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எதைப் பார்த்து வியக்க வேண்டும் என்பதையெல்லாம் கொடுக்கிறவரே முடிவு செய்துவிட்டால், வாங்கிக்கொள்கிறவருக்கு மிஞ்சுவது என்ன?

ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். கதை எழுதுகிறவனுக்கு இது பழகிய வேலை. பொள்ளாச்சி ரோட்டில் வீடு. அவருக்கு அறுபது வயது நெருங்குகிறது. பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். அவளுக்கு ஐந்தாறு வயது குறைவு. வீட்டில் இரண்டு எருமை. காலையில் ஒரு கறவை, மாலையில் ஒரு கறவை. இந்த இரண்டு கறவைக்கும் நடுவே எத்தனை தூரம் போய் வர முடியுமோ அதுதான் முப்பது வருஷமாக அவளுடைய உலகம். பழனி பார்த்திருக்கிறாள், ஆனைமலை மாசாணியம்மனைப் பார்த்திருக்கிறாள். கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது; கடலை மட்டும் பார்த்ததில்லை. இப்போது பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். எருமையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பெண் ஒப்புக்கொண்டாள். “ஏனுங்க, ஒரே நாள்ல போயிட்டு வந்தரலாமுங்களா?” என்று நாலு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டு காரில் ஏறுகிறாள்.

வாளையாறு தாண்டியதும் வழி திறந்துவிடுகிறது. வடக்கே நீலகிரிப் பக்கத்து மலைகள், தெற்கே ஆனைமலை. நடுவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான இடைவெளி. இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால் கொங்கு நாட்டுச் சரக்கு கடலுக்குப் போனதும் இந்தப் பக்கமாகத்தான். சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் மணி கடைந்தார்கள். காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் பச்சைக் கல் வெட்டினார்கள். அதற்கு விலையாக வந்த ரோமாபுரி வெள்ளிக் காசுகள் 1842-ல் வெள்ளலூரில் குவியலாகக் கிடைத்தன. அந்தக் கல்லைத் தோண்டியவர்களிலும் கடைந்தவர்களிலும் எத்தனை பேர் அது போய்ச் சேர்ந்த கடலைப் பார்த்திருப்பார்கள்? தாங்கள் செய்த பொருள் போகும் இடத்துக்குத் தாங்கள் போகாமலே வாழ்ந்து முடிகிற வழக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல.

பட்டறைக்காரருக்கும் இதெல்லாம் ஓரளவு தெரியும். காரை ஓட்டிக்கொண்டே சொல்லிவருகிறார். ஆனால் அவள் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாலக்காட்டுப் பக்கத்துப் பனைகள் குறைந்து தென்னையும் பலாவுமாக மாறுவதையும், வீட்டுக்கு வீடு கிணற்றங்கரை இருப்பதையும் பார்க்கிறாள். ஒரு பலா மரத்தின் அடியில், தரையைத் தொடுகிற மாதிரி காய் தொங்குகிறது. “கொஞ்சம் நிறுத்துங்களே” என்கிறாள். “அதுக்கெல்லாம் நின்னா கொச்சி போய்ச் சேர முடியாது புள்ளே” என்கிறார் அவர். குதிரான் மலையைக் குடைந்து 2021-ல் திறந்த சுரங்கப்பாதை வந்துவிடுகிறது. பலா மரம் பின்னால் போய்விட்டது.

திருச்சூரிலிருந்து தெற்கே இறங்கினால் கொடுங்கல்லூர். பழைய முசிறித் துறைமுகம் இந்தப் பகுதியில்தான் இருந்தது. சேரனின் வஞ்சி இதுவா, நம்முடைய கரூரா என்று புலவர்கள் பல காலம் வழக்காடினார்கள். கொங்கு நாட்டில் பிறந்தவனிடம் தீர்ப்புக் கேட்டால் அவன் கரூர் என்றுதான் சொல்வான், அதை விட்டுவிடுவோம். இங்குள்ள பகவதி கோயிலைக் கண்ணகியோடு சேர்த்துச் சொல்லும் மரபு உண்டு. கண்ணகியை நினைத்தால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது மதுரை எரிந்தது அல்ல. புகார்க் கடற்கரைக்கு ஒரு சோடி உல்லாசமாகப் போன நாள்தான் நினைவுக்கு வருகிறது. கடலாடுவதைப் பார்க்க வேண்டும் என்பது மாதவியின் ஆசை. கோவலன் கோவேறு கழுதையில் ஏறினான், அவள் வண்டியில் ஏறினாள். கரையில் உட்கார்ந்து யாழை மீட்டி அவன் ஒரு பாட்டுப் பாடினான். அவள் பதிலுக்கு ஒன்று பாடினாள். அவள் பாட்டில் வேறு யாரோ இருப்பதாக அவனுக்குப் பட்டது. எழுந்து போய்விட்டான். தமிழில் தம்பதிகள் கடற்கரைக்குப் போன கதைகளில் இதைவிடப் புகழ் பெற்றது இல்லை. அது பிரிவில் முடிந்தது. கடல் மேல் குற்றமில்லை. இரண்டு பேரும் ஒரே மணலில் இருந்தும், பக்கத்தில் இருப்பவளின் மனத்தை அவன் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, தானாகவே எழுதிக்கொண்டான்.

அன்று கண்ணகி எங்கே இருந்தாள்? அவள் தகப்பன் மாநாய்கன். அந்தப் பெயரே கடல் வணிகரைக் குறிக்கும். துறைமுக ஊரில் பிறந்த பெண், ஊரே கடலாடுகிற நாளில் வீட்டுக்குள் இருந்தாள். அவளை யாரும் கூட்டிப் போகவில்லை. அந்த வகையில் நம் பட்டறைக்காரர் கோவலனைவிட எத்தனையோ மேல். கூட்டிப் போகிறார் அல்லவா? அதை நான் குறைவாக மதிக்கவில்லை.

செறாயியில் கடல். வண்டியிலிருந்து இறங்கியவள் ஓடிப்போய்த் தண்ணீரில் நிற்பாள் என்று அவர் எதிர்பார்க்கிறார். செல்போன் காமிராவையும் தயாராக வைத்திருக்கிறார். அவளோ மணலின் மேட்டில் அப்படியே நின்றுவிடுகிறாள். சிரிக்கவில்லை. பேசவும் இல்லை. “இறங்கு புள்ளே, ஒண்ணும் ஆகாது” என்று கையைப் பிடித்து இழுக்கிறார். “வேண்டாமுங்க, இங்கிருந்தே பாக்கறனே” என்கிறாள். அவருக்கு முகம் வாடிவிடுகிறது. இவ்வளவு தூரம் கூட்டிவந்தும் சந்தோஷப்படத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொள்கிறார்.

கடலைக் கண்டால் குதிக்க வேண்டும் என்று யார் விதித்தது? நம் பழைய இலக்கணக்காரர்கள் ஐந்து நிலத்துக்கும் ஒவ்வோர் உணர்ச்சியைச் சொன்னபோது, நெய்தல் நிலத்துக்கு வைத்தது இரங்கல். கடலுக்குப் போனவன் திரும்பி வருவானா என்று கரையில் நிற்கும் பெண்ணின் உணர்ச்சி அது. மேட்டில் நிற்கிற இந்தக் கொங்குப் பெண் ஒரு செய்யுளும் படித்தவளல்ல. ஆனால் நீரைக் கிணற்றிலும் வாய்க்காலிலும் அறிந்தவள். நீர் இழுக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுடைய அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட வேண்டாம். மலையாளக் கரை மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். கடல் நூலாரும் இப்போது அதே சொல்லை ஆள்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புயல் அடிக்கும். அங்கே எழுந்த அலை சில நாட்கள் பயணம் செய்து இந்தக் கரைக்கு வரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். கடல் மட்டும் திடீரென்று ஏறிவிடும். திருடன் வருவதுபோல வருவதால் அந்தப் பெயர். அதிகமாக வருவது சித்திரை வைகாசியில், அதாவது நாம் கடல் பார்க்கப் போகிற அதே நாட்களில். 2024 மே மாதத்தில், கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை இருந்த ஒரு நாளில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் இளம் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. “ஒண்ணும் ஆகாது” என்பது அன்பினால் சொல்லும் வார்த்தைதான். ஆனாலும் ஒருவருடைய பயத்தை இன்னொருவர் தள்ளுபடி செய்துவிட உரிமை உண்டா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இன்பம் கொடுக்கிறேன் என்று கையைப் பிடித்து இழுக்கிறவர், அந்த நிமிஷத்தில் யாருடைய இன்பத்தைத் தேடுகிறார்?

இதற்குப் பட்டறைக்காரர் பக்கத்துப் பதிலையும் சொல்லியாக வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. டீசல், சுங்கம், சாப்பாடு எல்லாம் அவர் பணம். ஒரு நாள் பட்டறையும் மூடியிருக்கிறது. பத்து இடம் காட்டினால் பத்து மடங்கு சந்தோஷம் என்று கணக்குப் போடுவது பேராசை அல்ல. முப்பது வருஷ பாக்கியை ஒரே நாளில் தீர்க்கப் பார்க்கிறார். பாக்கி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதே, அதுவே பெரிது. தெரியாத ஆண்கள் எத்தனை பேர்! ஆனால் நன்றியை எதிர்பார்த்துப் பக்கத்தில் நிற்கும்போதுதான் சங்கடம். கேட்டு வாங்காத ஒன்றுக்கு, வேண்டிய அளவில் தரப்படாத ஒன்றுக்கு, முகம் மலர்ந்து காட்டுவதும் அவளுக்கு ஒரு வேலையாகிவிடுகிறது. வீட்டு வேலைக்கு விடுமுறை என்று அழைத்துவந்து, மகிழும் வேலையைத் தலையில் வைத்தாற்போல.

வைப்பினிலிருந்து காரோடு ஏற்றிக்கொள்ளும் படகில் கொச்சிக் கோட்டைக்குக் கடக்கிறார்கள். அங்கே பிரான்சிஸ் தேவாலயம். 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோட காமாவை முதலில் அங்கேதான் புதைத்தார்கள். பல வருஷங்கள் கழித்து எலும்பைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இல்லாத மனிதரின் கல்லறையைப் பார்க்க வரிசை நிற்கிறது. பிறகு மட்டாஞ்சேரி அரண்மனை. போர்ச்சுக்கீசியர் 1555-ஐ ஒட்டிக் கட்டி, கொச்சி ராஜாவுக்குப் பரிசாகக் கொடுத்தது. ராஜா கேட்டாரா என்று தெரியவில்லை. கொடுத்தவர்களுக்கு மிளகு வேண்டியிருந்தது. பின்னால் வந்த டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள், ‘டச்சு அரண்மனை’ என்று அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. பரிசின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான்.

அரண்மனைக்கு முன்பே, கரையில் சீன வலைகள் இருக்கும் இடத்தில் அவளை இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனார் அவர். அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணியில் அவளுக்கு யாரும் எதையும் காட்டவில்லை.

இரவு, வாளையாற்றைத் தாண்டும்போது அவர் கேட்கிறார்: “எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்ததுங்க.”

இந்தப் பதிலை நான் நம்புவதில்லை. எத்தனையோ வீடுகளில் கேட்ட பதில். கேட்டவரைத் திருப்தி செய்யச் சொல்வது, கேள்விக்குச் சொல்வது அல்ல. நம் பட்டறைக்காரரும் அந்த வேளையில் களைத்திருந்தாரோ என்னவோ, வழக்கத்துக்கு மாறாக இன்னொரு கேள்வி கேட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “எது நல்லா இருந்துச்சு?”

அவள் கொஞ்சம் யோசிக்கிறாள்.

“அந்த வலைங்க. எங்க தாத்தா தோட்டத்துல ஏத்தம் இருந்ததாமுங்க, எங்கப்பா சொல்லுவாரு. ஒரு பக்கம் சாலு, ஒரு பக்கம் பாரத்துக்குக் கல்லு. அதே மாதிரியேதானுங்க. இந்தப் பக்கம் கயித்துல பெரிய பெரிய கல்லாக் கட்டித் தொங்கவிட்டிருக்கறாங்க. நாலஞ்சு ஆளு சேந்து கயித்தை இழுத்தா அந்தப் பக்கம் அத்தாம் பெரிய வலை தண்ணியிலிருந்து எந்திரிக்குது. எந்திரிச்சாப் பாத்தா ஒரு கைப்பிடி மீன். மறுபடி எறக்குறாங்க. வேடிக்கை பாக்க வந்தவங்க ரெண்டு பேரு கயித்தைப் புடிச்சு இழுத்துப் போட்டோ எடுத்துட்டுக் காசு குடுத்தாங்க. மீனைவிட அதுல காசு சாஸ்தியாட்ட இருக்குது. அதுல ஒரு வயசானவரு, என்னையும் இழுக்கச் சொன்னாருங்க.”

“இழுத்தியா?”

“இழுத்தனுங்க. காசு வேண்டாம்னுட்டாரு.”

“எனக்குச் சொல்லவே இல்லையே?”

“நீங்க வந்ததுமே அரமனை சாத்திப்போடுவாங்கன்னு கூப்பிட்டுட்டீங்களே.”

ஈச்சனாரி வரைக்கும் அவர் அந்தக் கல்லைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு கயிற்றில் எத்தனை கல், எவ்வளவு எடை இருக்கும், எந்த இடத்தில் அச்சு வைத்திருந்தார்கள் என்று. பட்டறைக்காரர் அல்லவா.