யாரு வூட்டுச் சாவு?

மீறல் என்கிற சொல்லை நம் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். யாரை மீறுவது என்பதில் எனக்கு ஒரு பழைய சந்தேகம் உண்டு.

1978. எனக்குப் பதினாலு வயசு. ஊர்த்தெருவில் ஒரு பெரிய சாவு. விடியறதுக்கு முன்னாடியே ஒருவன் சேரி முனையில் நின்று அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். என் வகுப்பில் படிக்கிற பையன். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, 'தோ வந்துட்டேன் ஆண்டே' என்றார். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சச் சொன்னார்.

'நான் வரமாட்டேன். நீயும் போவாத' என்றேன். அவன் காதில் விழும்படியே சொன்னேன்.

சேரிப் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடத்தில் தனியாக வைத்த பானையை இளையபெருமாள் உடைத்த கதை கேட்டு வளர்ந்தவன் நான். அன்றைக்கு நானும் ஒரு பானையை உடைத்துவிட்டதாகவே நினைத்தேன்.

அப்பா தனியாகப் போனார். அந்த வருச அறுப்புக்கு எங்கள் வீட்டை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அம்மா பக்கத்து ஊருக்கு நடந்துபோய்க் களை பறித்தாள். மீறினது நான், தண்டம் கட்டினது அவர்கள். அப்பா என்னைத் திட்டவேயில்லை. 'படிக்கிற புள்ள, அப்படித்தான் பேசும்' என்று ஊர்க்காரர்களிடம் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாராம். என் கலகத்துக்காக அவர் இன்னும் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது.

பிறகு கல்லூரி, விடுதி. 'ஒங்கப்பா என்ன பண்றார்?' என்று கேட்டால் 'விவசாயம்' என்பேன். மாட்டுக்கறி என்றால் முகம் சுளிக்கவும் பழகிக்கொண்டேன். அப்பாவின் சொல்லை மீறினவன், அங்கே யாரும் சொல்லாமலேயே அடங்கிப்போனேன். அப்பாவாவது கூப்பிட்ட பிறகுதான் போனார்.

அந்த விடியற்காலையில் என்னை மறுக்க வைத்தது எது? சாதி மேலிருந்த கோபமா, வகுப்புப் பையன் முன்னால் அப்பாவைப் பற்றி வந்த கூச்சமா? இரண்டும்தான். ஆனால் விடுதிக்கு வந்தபோது கூச்சம் மட்டும்தான் கூட வந்தது.

1928இல் அம்பேத்கர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் வதன் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். மகர்களைப் பரம்பரை ஊர் ஊழியத்தில் கட்டிப்போட்ட ஏற்பாடு அது. அவர் அறுக்கப் பார்த்தது அந்தக் கட்டை. நானோ கட்டை விட்டுவிட்டு, கட்டுப்பட்டிருந்த மனுசனை உதறிவிட்டு வந்திருந்தேன். இது புரிய எனக்குப் பத்து வருசத்துக்கு மேல் ஆனது.

1991இல், அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி நண்பர்கள் கலைநிகழ்ச்சி வைத்தார்கள். பறை வேண்டும் என்றார்கள். (சங்க காலத்தில் பறைக்கு மரியாதை இருந்தது என்று ஒரு தோழர் விளக்கினார். அப்பாவுக்குச் சங்க காலம் தெரியாது.) ஊருக்குப் போய்க் கேட்டேன்.

'யாரு வூட்டுச் சாவு?' என்றார்.

'சாவு இல்லப்பா, மேடை.'

'யாரு கூப்புட்டா?'

'யாரும் கூப்புடல. நாங்களாத்தான் அடிக்கிறோம்.'

பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினார். 'நீ அடிச்சா மேடை போடுவாங்க, நான் அடிச்சா எட்டி நிக்கச் சொல்லுவாங்க. ரெண்டும் ஒரே தோலுதான்டா' என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுசாக இல்லை.

மேடைக்கு வரச் சொன்னேன், வரவில்லை. இடது கையில் சுண்டுக்குச்சியை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் காட்டினார். ரெண்டு நாள் முயற்சி செய்தேன். எனக்குப் பிடி வரவில்லை.