பொருந்தாத எண்

வண்டியை வைத்து ஆன்மாவைப் பற்றிப் பேசுவது பழைய வழக்கம். மிலிந்த பன்ஹா என்ற பாலி நூலில் நாகசேனர் என்ற பிக்கு, மிலிந்தன் என்ற அரசனிடம் அவன் ஏறி வந்த தேரைப் பற்றியே கேட்கிறார். ஏர்க்கால்தான் தேரா? அச்சா? சக்கரமா? அரசன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறான். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் தேரா என்றாலும் இல்லை என்கிறான். அப்படியானால் தேர் என்பது இவற்றைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயர், நாகசேனன் என்பதும் அப்படியொரு பெயரே என்று முடிக்கிறார். மிலிந்தன் என்பது கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கை ஆண்ட மெனாண்டர் என்ற கிரேக்க அரசன். நேற்றைய கேள்வி இல்லை இது.

நான் ஓசூர் சிட்கோ பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் இருந்தேன். குவியலாகக் கிடக்கும் இரும்பையும் ஓடும் வண்டியையும் ஒரே நாளில் பார்க்கிற தொழில். அதனால் நாகசேனரின் வாதம் எனக்குப் புத்தகத்தோடு நின்றதில்லை. அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று வெகுநாள் இருந்தது. ஒரு ஜாவா வண்டி வந்த பிறகுதான் அந்தப் பதில் எனக்குப் பிடிபட்டது.

எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி. அப்படியே போனால் பெங்களூரு, அதற்கப்பால் மைசூரு. மைசூரின் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961இல் வண்டி செய்யத் தொடங்கியது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா 250ஐத்தான் முதலில் செய்தார்கள். எழுபதுகளில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி என்ற பெயர் வந்தது. 1996இல் ஆலை மூடப்பட்டது. இந்தப் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் அந்த ஆலையின் பிள்ளைகளைத்தான் கொண்டு வருகிறார்கள். 65 மில்லிமீட்டர் போர், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஒரே பிஸ்டன், ஆனால் இரண்டு சைலன்சர். இடது பக்கம் ஒரே லீவர்தான்: உதைத்தால் கிக்கர், மடக்கிவிட்டால் கியர். தெரிந்தவர்கள் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார்கள்.

அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் கெலமங்கலம் ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பையன். தாத்தாவின் வண்டி என்றான். தாத்தா மைசூரில் இருந்தபோது 1968இல் வாங்கியது. வீட்டில் பழைய ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, அதில் மைசூர் மாநிலம் என்று இருக்கும். தாத்தா போன பிறகு வண்டி கைமாறி, எங்கெங்கோ போய், கடைசியில் ஒரு காயலான் கடையில் கிடந்ததைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அடையாளம் சொல்லி, கிலோ கணக்கில் விலை பேசி எடுத்து வந்திருக்கிறான்.

“ஐயா, இது தாத்தா வண்டிதானான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்.”

பார்த்தேன். டேங்க் யெஸ்டி ரோட்கிங்கினுடையது, அதாவது 1978க்குப் பிந்தியது. ஜாவா டேங்க்கில் இருக்கும் குரோம் பக்கங்களோ முழங்கால் ரப்பரோ இல்லை. கார்புரேட்டர் ஜிகோவ் இல்லை, மிக்குனி வகை. ஆறு வோல்ட் டைனமோவின் இடத்தில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிய கம்பிகள் தொங்கின. முன்சக்கரத்தின் ஹப் புல்லட்டினுடையது. இரண்டு சைலன்சரும் இரண்டு காலத்தவை. பின் மட்கார்டு எந்த வண்டி என்று எனக்கே பிடிபடவில்லை. யாரோ தகடு வளைத்துச் செய்திருக்கலாம்.

அந்த முன் ஹப்பில்தான் எனக்கு நேரம் போனது. புல்லட் ஹப் ஜாவா ஃபோர்க்கில் தானாக உட்காராது. அகலமும் ஒக்காது, அச்சின் கனமும் ஒக்காது. இரண்டு பக்கமும் கன்மெட்டலில் புஷ் கடைந்து போட்டிருந்தார் எவரோ ஒருவர். கழற்றி வெர்னியரில் பார்த்தேன். ஒரு பக்கம் மெல்லியது, மறுபக்கம் தடித்தது, சக்கரம் நடுவில் நிற்கும்படி கணக்குப் போட்டுக் கடைந்தது. உள்விட்டத்தில் டூல் ஓடிய கோடுகள் ஒரே சீராக இருந்தன. அந்த ஆள் யார், எந்த ஊர் என்று தெரியாது. கை தெரிந்தவர்.

நாகசேனருக்கு என் பதில் அந்தப் புஷ்தான். தேர் வெறும் பெயர் என்றால் எந்தச் சக்கரத்தையும் அதில் மாட்டிவிடலாம். பெயருக்கு எதிர்ப்பு கிடையாது. ஆனால் வண்டி எதிர்க்கிறது. இந்த ஹப் வேண்டாம் என்கிறது. வேண்டுமென்றால் இத்தனை மில்லிமீட்டர் விட்டுக்கொடு என்கிறது. வேண்டாம் என்று சொல்லக்கூடியது வெறும் பெயராக இருக்க முடியுமா? பௌத்தர் இதற்கும் விடை வைத்திருப்பார்: மறுப்பது வண்டியல்ல, அச்சின் விட்டம் மறுக்கிறது என்பார். சரி, அந்த அச்சு ஏன் அந்த விட்டத்தில் இருக்கிறது? ஃபோர்க் அப்படி. ஃபோர்க் ஏன் அப்படி? ஃப்ரேமும் எஞ்சினின் எடையும் அப்படி. ஒன்றை ஒன்று பிடித்து நிற்கிற அந்த ஒழுங்கைத்தான் நான் வண்டி என்கிறேன். அது பாகங்களில் ஒன்றல்ல, ஆனால் இல்லாததும் அல்ல. புதிதாக வரும் ஒவ்வொரு பாகமும் அதற்கு இணங்கியாக வேண்டும். குவியலுக்கு எந்தப் பாகமும் இணங்க வேண்டியதில்லை.

தமிழில் இந்தச் சண்டையை நீலகேசி போட்டிருக்கிறாள். பொருள் கணந்தோறும் அழிந்து புதிதாகிறது என்ற பௌத்தக் கொள்கையை அந்தச் சமணக் காவியம் விடாமல் துரத்துகிறது. சமணர் நிலைப்பாடு எனக்கு நெருக்கமானது: தோன்றுவதும் அழிவதும் நிலைப்பதும் ஒரே பொருளில் ஒரே சமயத்தில் நடக்கின்றன. சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் பொற்குடத்தை உருக்கி முடி செய்வதைச் சொல்லி விளக்குகிறார். குடம் வேண்டியிருந்தவருக்குத் துக்கம், முடி வேண்டியிருந்தவருக்கு மகிழ்ச்சி, பொன் மட்டும் வேண்டியவருக்கு எதுவும் நேரவில்லை. இந்த மூவரும் என் பட்டறைக்கு வருகிறார்கள். ஒரிஜினல் வேண்டும் என்பவர் இந்த வண்டியைப் பார்த்து வருத்தப்பட்டார். மாற்றிக் கட்டிய வண்டி பிடித்த இளைஞர்கள் கொண்டாடினார்கள். காயலான் கடைக்காரருக்கு எப்போதும் அதே எடைதான். மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை.

ஆனால் பையன் நாலாவது ஆள். அவனுக்கு வேண்டியது தாத்தா.

எஞ்சின் கேஸில் வெட்டியிருந்த எண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் படித்தோம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணே. அவன் கண் கலங்கிவிட்டது. பிறகு ஃப்ரேமின் முன்கழுத்தில் இருக்கும் செசிஸ் எண்ணைப் பெயின்ட் சுரண்டிப் பார்த்தோம். அது வேறு. தகடு ரிவெட் அடித்திருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன, தகடு இல்லை. எஞ்சின் உட்காரும் ஓட்டைகளை அரத்தால் கொஞ்சம் இழுத்திருந்தார்கள். எங்கோ அடிபட்டு, பழைய ஃப்ரேம் வளைந்து போய், வேறொரு ஃப்ரேமில் தாத்தாவின் எஞ்சினைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

அரசாங்கத்தின் கணக்கில் வண்டி என்பது முதலில் அந்தச் செசிஸ் எண். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரம் தயாரித்தவர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எஞ்சின் மாற்றவும் அனுமதி வாங்க வேண்டும். 2021இல் வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது: 50 வயது தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவத்தில் இருக்க வேண்டும், அதற்கு விஏ எழுத்து வரும் எண் கிடைக்கும். 1968 வண்டிக்கு வயது இருக்கிறது, மூல வடிவம்தான் இல்லை. இந்த விதிகளை நான் குறை சொல்லவில்லை. திருட்டு வண்டியைக் கண்டுபிடிக்க ஏதாவது ஒரு மாறாத குறி வேண்டும். ஆனால் குறி வேறு, பொருள் வேறு. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி 1878இல் சேலம் மாவட்டம், 1965க்குப் பிறகு தருமபுரி, 2004இலிருந்து கிருஷ்ணகிரி. ஊர் நகரவில்லை, பதிவேடுதான் நகர்ந்தது. இந்த வண்டியில் பதிவேடு அப்படியே இருக்க, பொருள் நகர்ந்திருக்கிறது.

சைவ சித்தாந்தத்தை இங்கே வைத்துப் பார்க்கிறேன். என் கை, என் உடல் என்கிறோமே, அப்படிச் சொல்கிறவன் உடலுக்கு வேறானவனாக இருக்க வேண்டும் என்பது சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தை ஒட்டி வரும் வாதங்களில் ஒன்று. வண்டியால் என் டேங்க் என்று சொல்ல முடியாது. அதற்காக நாம்தான் சொல்கிறோம். எனவே மனிதனுக்கு இருக்கும் தான் என்பது வண்டிக்குத் தானாக இல்லை. அதைப் பேணுகிறவர்கள் கொடுத்து வைத்தது. கோயில் திருப்பணியில் இதை வெளிப்படையாகவே செய்கிறோம். கும்பாபிஷேகத்துக்கு முன் பாலாலயம் கட்டி, மூலவரின் கலையைக் கும்பத்துக்கு மாற்றி, பூசையை அங்கே நடத்துகிறோம். கல் பெயர்க்கப்படலாம், கோபுரத்தின் சுதை புதிதாகலாம், ஒரு வேளை பூசையும் நிற்கக் கூடாது. எங்கள் மலைமேல் சந்திரசூடேஸ்வரர் கோயிலுக்குப் பங்குனியில் தேர் ஓடுகிறது. பழுதான மரத்தை மாற்றினால் தேர் வேறாகிவிட்டது என்று யாரும் வடத்தைக் கீழே போடுவதில்லை.

அப்படிப் பார்த்தால் இந்த வண்டியில் கடினமான கேள்வி ஃப்ரேம் மாறியது அல்ல. காயலான் கடையில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த வருடங்கள்தான். ஃப்ரேம் மாற்றியவர் வண்டியைக் காப்பாற்றத்தான் மாற்றினார். புஷ் கடைந்தவரும் அப்படியே. அந்தக் கைகள் வரை தொடர்ச்சி அறுபடவில்லை. பிறகு அறுந்தது. எஞ்சினைப் பிரித்தபோது பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்திருந்தது. எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித்தான் இறக்கினோம். சிலிண்டரை ஓவர்சைஸுக்குப் போர் செய்து, புதுப் பிஸ்டன், ரிங், கிராங்க் பேரிங், ஆயில் சீல் போட்டேன். கன்மெட்டல் புஷ்ஷை மாற்றவில்லை, கிரீஸ் வைத்துத் திரும்பப் போட்டேன். அது இந்த வண்டியின் வரலாற்றில் ஒரு பக்கம். டேங்க்கையும் மாற்றச் சொன்னான், ஜாவா டேங்க் தேடலாம் என்றான். வேண்டாம் என்றேன். தாத்தா ஓட்டிய காலத்துக்கு வண்டியைத் திருப்பப் பார்த்தால், நடுவில் இதைக் காப்பாற்றியவர்களை அழிக்கிறோம்.

பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்து ஊற்றினோம். ஆயுத பூசைக்கு முந்தின வாரம் எஞ்சின் பிடித்தது. பேட்டைக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தோம். பதிவு இல்லாமல் ரோட்டுக்கு எடுக்க நான் விடவில்லை.

அன்று சாயங்காலம் அவன் மெல்லக் கேட்டான்.

“ஐயா, அந்த நம்பரை அரைச்சுட்டு, தாத்தா புக்ல இருக்கற நம்பரைப் பன்ச் பண்ணிட்டா என்ன? எஞ்சின் நம்மளோடதுதானே.”

பன்ச் செட் என் மேசை மேலேயே இருந்தது. எழுத்தின் அளவுகூட ஒத்துவரும். அது குற்றம் என்று முதலில் சொன்னேன். அவன் அதற்கு ஒப்புக்கொண்டான், ஆனால் முகம் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் இன்னொன்றும் சொன்னேன்.

“தம்பி, உங்க தாத்தா எஞ்சினைச் சுமந்தது இந்த ஃப்ரேம். இதுவும் யாரோ ஒருத்தர் தாத்தாவோட வண்டியா இருந்திருக்கும். நம்ம எண்ணை இதுல அடிச்சா, அவங்க தேடி வந்தா கண்டுபிடிக்க வழியே இருக்காது. உங்க தாத்தாவோட ஃப்ரேம் வளைவு எடுத்து எங்காவது ஓடிட்டிருந்தா, அதுல வேற எண்ணை அடிச்சிருந்தா, நீ என்ன பண்ணுவ?”

1655இல் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் கேட்டதும் இதைத்தான்: பலகை பலகையாக மாற்றிய கப்பலின் பழைய பலகைகளை ஒருவர் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது பழைய கப்பல்? அவருடைய கேள்வியில் ஒன்றுதான் ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. எனக்கு அது புரியவில்லை. எஞ்சின் இங்கே, ஃப்ரேம் எங்கோ. தாத்தாவின் வண்டி இரண்டு இடத்தில் தொடர்கிறது என்று சொல்வதில் என்ன தவறு? இரண்டுக்கும் பேணுகிறவர் இருக்கிறாரா என்பதுதான் விஷயம்.

ஃப்ரேமில் இருக்கும் எண்ணை இருக்கிறபடியே சுத்தம் செய்து, துரு ஏறாமல் வார்னிஷ் தடவினேன். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்கப் போகிறான். புத்தகத்தில் உள்ள தாத்தாவின் செசிஸ் எண்ணை இப்போது எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோரிடமும் கொடுத்து வைத்திருக்கிறான்.