முருகன் பார்த்துப்பான், வண்டியோட நீளத்தை நாமதான் பார்க்கணும்

 

நம்ம குரூப்ல அமெரிக்காவில் வேலை பார்க்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. கோடை லீவுக்கு ஆர்வி வாடகைக்கு எடுத்து மலைப்பக்கம் போகலாம்னு பேச்சு ஓடுது. ஊர்ல இருக்கிறவங்களுக்காக ஒரு வரி: ஆர்வின்னா படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. இந்த தடவை நிறைய பேர் சொல்ற இடம் மொன்டானா மாநிலத்தில் இருக்கும் கிளேசியர் தேசியப் பூங்கா. சரி, பிளான் என்னன்னு கேட்டா பாதிப் பேர்கிட்ட வர்ற பதில், "முருகன் பார்த்துப்பான் ப்ரோ!"

இன்னிக்கு அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் பேசப் போறேன்.

நம்ம வீட்டு முருகன் படத்துக்குக் கீழே "யாமிருக்க பயமேன்" என்று எழுதியிருக்கும். பயம் எதுக்குன்னுதான் அவன் கேட்கிறான். கவனம் எதுக்குன்னு கேட்கலை. பயம் வேற, கவனம் வேற. நாம பல நேரம் கவனத்தை விட்டுட்டு, அதுக்கு நம்பிக்கைன்னு பேர் வச்சுக்கிறோம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. முருகனைப் பாடிய மிகப் பழைய பெரிய நூலின் பேர் என்ன? திருமுருகாற்றுப்படை. நக்கீரர் பாடியது. ஆற்றுப்படை என்றால் வழி காட்டுவது. போய்ப் பயன் பெற்றவன் இன்னொருத்தனுக்கு "இப்படிப் போ, அங்கே அவன் இருக்கான்" என்று சொல்வது. பத்துப்பாட்டில் அது முதல் நூல். கடைசி நூல் மலைபடுகடாம், அதுவும் ஆற்றுப்படைதான். நன்னனைப் பார்க்க மலை வழியா போற கூத்தர்களுக்கு, எங்கே பன்றிக்குப் பொறி வச்சிருக்காங்க, எங்கே தினைப்புனக் காவல்காரங்க எறியும் கவண் கல் வரும், எங்கே கால் வழுக்கும் என்று புலவர் ஒவ்வொண்ணா சொல்றார். தெய்வம் இருக்கிற மலைதானே, அது பார்த்துக்கும்னு அவர் விட்டுடலை. வழியை விசாரிச்சுக்கிட்டுப் போறது நம்ம மரபு.

அதனால இதையும் ஒரு சின்ன ஆற்றுப்படைன்னு வச்சுக்கோங்க.

முதல் விஷயம், அளவு. கிளேசியருக்குப் போற எல்லாரும் ஆசைப்படுறது கோயிங்-டு-தி-சன் ரோடு. சுமார் 50 மைல் நீளம். உச்சியில் லோகன் பாஸ் 6,646 அடி உயரத்தில் இருக்கு. இந்த ரோட்டோட நடுப்பகுதியில், அவலாஞ்ச் க்ரீக் முதல் ரைசிங் சன் வரைக்கும், 21 அடிக்கு மேல் நீளமான வண்டியோ 8 அடிக்கு மேல் அகலமான வண்டியோ போகக்கூடாது. அந்த 8 அடியில் பக்கக் கண்ணாடியும் சேர்த்திதான். வண்டியின் உயரம் 10 அடிக்கு மேல் இருந்தா, ரோட்டு மேல நீட்டிட்டு இருக்கிற பாறை இடிக்கலாம். குடும்பமா போக வாடகைக்குக் கிடைக்கிற ஆர்வி பெரும்பாலும் 25 அடியிலிருந்து 30 அடி. அதாவது உங்க வண்டி அங்கே ஏறாது. இதைப் புக் பண்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும், மலை வளைவில் நின்னுக்கிட்டு இல்லை.

இதுல வருத்தப்பட ஒண்ணும் இல்லை. பழநிக்கு எவ்வளவு பெரிய காரில் வந்தாலும் அடிவாரத்தில் நிறுத்திட்டுத்தானே மேலே போறோம்? படியோ, வின்ச்சோ, ரோப் காரோ. அதே மாதிரி ஆர்வியை கேம்ப்கிரவுண்டில் நிறுத்திட்டு பூங்காவின் ஷட்டில் பஸ்ஸிலோ சின்ன காரிலோ மேலே போகலாம். ஷட்டில், என்ட்ரி விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால கிளம்பும் வருஷத்து விதியை பூங்காவின் அதிகாரபூர்வ தளத்தில் பாருங்க. அந்த ரோடு முழுசா திறக்கவே பெரும்பாலும் ஜூன் கடைசி, ஜூலை ஆகிடும். பனியை அள்ளி முடிக்கணும். மலை தரிசனம் கொடுக்கிற நேரத்துக்கு நாம போகணும்.

இரண்டாவது, எடை. இடும்பன் கதை எல்லாருக்கும் தெரியும். அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலையையும் காவடியா கட்டித் தூக்கிட்டு வந்தவன். பாம்புகளே கயிறு. அவ்வளவு பெரிய பாரத்தையும் அவன் சுமந்தது இரண்டு பக்கமும் சமமா இருந்ததாலதான். ஒரு பக்கம் கனம் கூடினா எந்தத் தோளும் தாங்காது. ஆர்வியும் ஒரு காவடிதான். எவ்வளவு பாரம் ஏத்தலாம்னு வண்டிக்குள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், படிங்க. ஆளுங்க, அரிசி மூட்டை, கிரைண்டர், தண்ணி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஒரு கேலன் தண்ணி ஏறக்குறைய 3.8 கிலோ. 40 கேலன் டேங்க் நிரம்பினா 150 கிலோ! கனமான சாமானைக் கீழே வைங்க, இரண்டு பக்கமும் பிரிச்சு வைங்க. மேல் ஷெல்ஃபில் இரும்புச் சட்டியை அடுக்கினா வளைவில் வண்டி ஆடும்.

மூன்றாவது, இறக்கம். ஏறுறதைப் பற்றி எல்லாரும் யோசிப்போம், இறங்குறதை யாரும் யோசிக்கிறதில்லை. பல டன் எடையுள்ள வண்டியை இறக்கம் முழுக்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டே கொண்டு வந்தா பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போயிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் பஸ் ஓட்டுற டிரைவர் அண்ணனைக் கேட்டா ஒரே வரியில் சொல்வார்: கியரைக் குறைச்சு இறக்கு, பிரேக்கை விட்டு விட்டு மிதி. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் லோ கியர் இருக்கும். அது எங்கே இருக்குன்னு வண்டி எடுக்கிற அன்னிக்கே கேட்டு, சமதளத்தில் ஓட்டிப் பழகுங்க. பூங்காவுக்குள்ள பெட்ரோல் கிடையாது, வெளியிலேயே நிரப்பிக்கோங்க. பல இடத்தில் சிக்னலும் இருக்காது, மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க. கேம்ப்கிரவுண்டில் கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டவும் குறிப்பிட்ட நேரம்தான். குளிர் தாங்கலைன்னு கேஸ் அடுப்பைப் பத்தவச்சுட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அலாரம் வேலை செய்யுதான்னு முதல் நாளே அழுத்திப் பாருங்க.

நான்காவது, இதுதான் ரொம்ப முக்கியம். மலையில் நமக்கு முன்னாடியே குடியிருக்கிறவங்க இருக்காங்க.

நம்ம வள்ளி யார்? தினைப்புனம் காத்தவள். விளைஞ்ச தினை இருக்கிற இடத்துக்குப் பறவையும் மிருகமும் வரும்னு தெரிஞ்சு, பரண் மேல நின்னு காவல் காத்தவள். சாப்பாடு இருந்தா காடு தேடி வரும், இது குறிஞ்சி நிலத்தின் பாலபாடம். கிளேசியரில் கிரிஸ்லி கரடியும் கருங்கரடியும் உண்டு. 1967 ஆகஸ்ட் 13, ஒரே இரவில், இரண்டு வேற வேற இடத்தில் கிரிஸ்லி தாக்கி இரண்டு இளம்பெண்கள் இறந்தாங்க. மனுஷங்க போட்ட சாப்பாட்டுக்கும் குப்பைக்கும் அந்தப் பக்கத்துக் கரடிகள் பழகியிருந்தன. மனுஷச் சாப்பாட்டுக்குப் பழகின கரடியைக் கடைசியில் கொன்னுடவும் நேரும். ஆக, இரண்டு பக்கமும் உயிர்.

அதனால சாப்பாடு, குப்பை, டூத்பேஸ்ட் வரைக்கும் வாசனை உள்ள எதையும் வெளியே விடாதீங்க. வண்டிக்குள்ள வச்சுப் பூட்டுங்க. கரடிகிட்ட இருந்து 100 கஜம் தள்ளி நில்லுங்க. நடக்கும்போது பேர் ஸ்ப்ரே கையில் இருக்கட்டும்.

இதையும் சொல்லிடறேன். மலையைப் பார்த்ததும் நமக்குத் தேங்காய் உடைக்கணும், பழம் படைக்கணும்னு தோணும். வேண்டாம். அங்கே வச்சுட்டு வர்ற பழம் முருகனுக்குப் போகாது, கரடிக்குப் போகும், அதோட உயிருக்கும் உலையா முடியும். வண்டிக்குள்ள கற்பூரமும் வேண்டாம். நெற்றியில் விபூதி, மனசில் ஆறெழுத்து, போதும். அவன் குன்றுதோறாடுபவன், குன்றைப் பார்த்துக் கை கூப்பினாலே கேட்பான்.

இடும்பன் கதையில் இன்னொரு பாதியும் இருக்கு. இறக்கி வச்ச மலையை மறுபடி தூக்க முடியாம நிமிர்ந்து பார்த்தா, மேலே கோவணத்தோட ஒரு பிள்ளை நிக்கிறான். இந்த மலை யாருடையதுன்னு இடும்பன் கேட்கலை, சண்டைக்குப் போனான். விழுந்து, எழுப்பப்பட்டு, அப்புறம்தான் காவல் தெய்வமா நின்னான். இன்னிக்கும் பழநியில் அவனைக் கும்பிட்டுட்டுத்தான் மேலே ஏறுறோம்.

கிளேசியரின் கிழக்கு எல்லையை ஒட்டி பிளாக்ஃபீட் பழங்குடி மக்களின் நிலம் இருக்கு. அந்த மலைத்தொடரை அவங்க உலகத்தின் முதுகெலும்புன்னு சொல்றாங்க. அது அவங்களுக்குப் புனித மலை. 1910-இல் தேசியப் பூங்கா ஆகுறதுக்கு ரொம்ப காலம் முன்னாடியிருந்தே. குறிஞ்சித் தெய்வத்தைக் கும்பிடுற நமக்கு இது புரியாம போகுமா? சத்தமா பாட்டுப் போடாம, கழிவுத் தண்ணியை மண்ணில் ஊத்தாம, அதுக்குன்னு இருக்கிற டம்ப் ஸ்டேஷனில் விட்டுட்டு வாங்க. அதுவும் ஒரு வழிபாடுதான்.

புரொடக்‌ஷனில் கோட் ஏத்துறதுக்கு முன்னாடி நாம எத்தனை தடவை டெஸ்ட் பண்றோம்! அங்கே யாரும் "முருகன் பார்த்துப்பான்"னு நேரா டெப்ளாய் பண்றதில்லை. குழந்தைங்க, அப்பா அம்மா உட்கார்ந்து வர்ற வண்டிக்கு மட்டும் ஏன் அந்த வார்த்தை?

மாலை போட்டவங்களுக்குத் தெரியும், பழநிப் பயணம் ஊரை விட்டுக் கிளம்புற அன்னிக்கு ஆரம்பிக்கிறதில்லை. விரதம் ஆரம்பிச்ச அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு. இந்த மலைப் பயணத்துக்கு உங்க விரதம் இதுதான்: வண்டியோட நீளம், அகலம், உயரம், எடை நாலையும் ஒரு பேப்பரில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்க. போற வழியையும் திரும்புற தேதியையும் ஊர்ல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. அவ்வளவும் செஞ்சு முடிச்சுட்டு, சாவியை முருகன் படத்துக்கு முன்னாடி வச்சு எடுங்க. அப்போ சொல்லுங்க "முருகன் பார்த்துப்பான்"னு. அந்த வார்த்தைக்கு அப்பதான் முழு அர்த்தம்.

ஆர்வி புக் பண்ணியிருக்கிற நண்பர் யாராவது இருந்தா, இன்னிக்கே இதை அனுப்பிடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு… அரோகரா!