வேர்க் கணக்கு

உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பண்ணாடிமார் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது: "நீங்க இல்லாம எங்களுக்கு ஏதுடா பண்ணையம், நாங்க இல்லாம உங்களுக்கு ஏதுடா கஞ்சி?" இதற்கு இப்போது இயற்கையையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். மரமும் பூஞ்சையும் ஒன்றையொன்று தாங்குவதுபோல ஊரும் சேரியுமாம். சரி, அந்தச் சாட்சியையே விசாரித்துப் பார்க்கிறேன்.

தென்னை வேருக்கு வேர்மயிர் கிடையாது. அந்தக் குறையைத் தீர்ப்பது வேர் உட்பூசணம் என்கிற பூஞ்சை. 'வேம்' என்றால் விவசாயிகளுக்குத் தெரியும். வேருக்குள் புகுந்து, தலைமயிரைவிட மெல்லிய இழைகளை மண்ணில் நீட்டும். வேர் நுழைய முடியாத இடுக்கிலிருந்து மணிச்சத்தையும் ஈரத்தையும் இழுத்துத் தரும். வறட்சியில் மரம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். இல்லாத தண்ணீரை அது உண்டாக்காது. செய்கிற வேலைக்குக் கூலியும் உண்டு: மரம் இலையில் சமைத்த சர்க்கரையில் 5இல் ஒரு பங்கு வரைக்கும் பூஞ்சைக்குப் போகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் மரத்துக்கு 50 கிராம் வேம், 6 மாதத்துக்கு ஒருமுறை, மக்கிய உரத்தோடு வேரோரம் இடச் சொல்கிறது. குனிந்து இடுகிற கை யாருடையது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

டோபி கியர்ஸ் குழுவினர் ஒரு பயறுவகைச் செடியில் செய்த ஆய்வை 2011இல் வெளியிட்டார்கள். மணிச்சத்து அதிகம் தந்த பூஞ்சைக்குச் செடி அதிகச் சர்க்கரை தந்தது. சர்க்கரை அதிகம் தந்த வேருக்குப் பூஞ்சையும் அதிகம் தந்தது. ஒன்று குறைத்தால் மற்றதும் குறைக்கும். ஒரே பூஞ்சை தென்னையிலும் சேரும், சோளத்திலும் சேரும், வெங்காயத்திலும் சேரும். பிறப்பு கேட்பதில்லை.

ஆக, ஒருவரையொருவர் சார்ந்திருப்பதாலேயே அந்த உறவு நியாயமாகிவிடாது. கொடுப்பதை நிறுத்திக்கொள்ளவும் வேறு துணை தேடவும் இரண்டு பக்கத்துக்கும் முடிகிறதா என்று கேட்க வேண்டும். முன்கடன் வாங்கிய பண்ணையாளுக்கு அது முடிந்ததா? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். பிறப்பு கேட்காமல் துணை தேடினால் என்ன விலை என்பது இந்த ஊருக்குத் தெரியும். 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த கௌசல்யாவும் வெட்டுப்பட்டார்.

எங்கள் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறியபோது, "காட்டுவேலைக்கு ஆளே கெடைக்கிறதில்ல" என்று ஒப்பாரி வைத்தார்கள். காட்டிலும் கூலி ஏறியது. பனியன் கம்பெனி ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ள ஒரு வழி கிடைத்த பிறகுதான் "நீங்க இல்லாம நாங்க இல்ல" என்ற பேச்சுக்குக் காசு மதிப்பு வந்தது.