குற்றவாளியின் முகம்

மாலையில் வீட்டுத் தலைவர் கதவைத் திறக்கிறார். கூடத்தில் அவரது செருப்பு பல்தடங்களுடன் சிதைந்து கிடக்கிறது. வளர்ப்பு நாய் காதுகளைப் பின்னுக்கு மடித்து, வாலைக் கால்களிடையே ஒடுக்கி, பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொள்கிறது. 'செய்வதையும் செய்துவிட்டு முகத்தைப் பார்!' என்று அவர் அதட்டுகிறார். விசாரணை, சாட்சியம், தீர்ப்பு யாவும் ஒரு நொடியில் முடிந்துவிடுகின்றன.

நாய் வளர்ப்போர் அதன் இயல்பை நன்கு கவனிப்பவர்கள் என்பதில் ஐயமில்லை. ஒரு நாய் ரொட்டித் துண்டைத் தலையணையின் கீழ் ஒளித்து வைக்கும். மற்றொன்று வீட்டுக் குழந்தை அருகில் வந்து அமர்ந்தாலன்றித் தட்டில் வாய் வைக்காது. வேறொன்று எத்தனை செருப்புகள் இருந்தாலும் எஜமானரின் செருப்பையே தேர்ந்தெடுத்துக் கடிக்கும். அவரது வாசனை அதில்தானே மிகுதி! இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் அதன் குற்றவுணர்வை மட்டும் தவறாகப் படிப்பார்களா?

படிப்பார்கள் என்கிறது ஓர் ஆய்வு. நியூயார்க்கிலுள்ள பர்னார்ட் கல்லூரியின் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 14 நாய்கள் இடம்பெற்றன. தின்பண்டத்தைத் தொடக் கூடாது என்று கட்டளையிட்டுவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியேறுவார். அவர் திரும்பியதும், நாய் அதைத் தின்றதா இல்லையா என்று அவரிடம் கூறப்படும். சில வேளைகளில் அத்தகவல் பொய்யாக இருக்கும். நாய் காட்டிய 'குற்ற முகம்' அது தின்றதைப் பொறுத்து அமையவில்லை; உரிமையாளர் கடிந்துகொண்டதைப் பொறுத்தே அமைந்தது. கட்டளையை மீறாத நாய்களே, கடிந்துகொள்ளப்பட்டபோது மிகுதியாக ஒடுங்கின.

அதட்டுவதற்கு முன்பே நாய் ஒடுங்குகிறதே என்று கேட்கலாம். கிழிந்த பொருளும் எஜமானரும் ஒரே இடத்தில் இருந்தால் துன்பம் வரும் என்பதை அது முந்தைய அனுபவத்தால் கற்றிருக்கக்கூடும். கிழித்தது தானே என்ற நினைவு அதற்குத் தேவையில்லை. நாய்க்குக் குற்றவுணர்வே கிடையாது என்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. அந்த முகம் அதற்குச் சான்றாகாது என்பது மட்டுமே தெளிவாகிறது.

ஒரு பொருளின்மீது அதில் இல்லாத மற்றொன்றை ஏற்றிக் காண்பதை அத்வைத நூல்கள் 'அத்யாசம்' என்கின்றன. மங்கிய ஒளியில் கயிறு பாம்பாகத் தோன்றுவது அதற்கு வழக்கமான உதாரணம். ஆனால் கண்டவன் அஞ்சினாலும் கயிறு கயிறாகவே கிடக்கிறது. நாயோ காண்பவரின் சினத்தைக் கண்டு நடுங்கி, அவருடைய ஐயத்திற்குத் தானே சாட்சியாகிவிடுகிறது. பணம் காணாமற்போன வீட்டில் பணிப்பெண் தலைகுனிந்து நிற்பதும் இவ்வாறே வாக்குமூலமாகக் கொள்ளப்படுகிறது. மாதச் சம்பளம் போய்விடுமோ என்று அஞ்சுபவளும் தலைகுனிவாள் என்பது அவ்வேளையில் யாருக்கும் தோன்றுவதில்லை.

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் இதே வழக்கு வருகிறது. ஜனமேஜயனின் வேள்விச்சாலைக்குள் வந்த நாய்க்குட்டி ஒன்றை அவனுடைய சகோதரர்கள் அடித்துத் துரத்துகின்றனர். அது அழுதுகொண்டே தன் தாய் சரமையிடம் ஓடுகிறது. ஏதேனும் தவறு செய்திருப்பாய் என்றே தாயும் முதலில் கருதுகிறாள். அவிசை நக்கவுமில்லை, அதை ஏறெடுத்துப் பார்க்கவுமில்லை என்கிறது குட்டி. உடனே சரமை வேள்விச்சாலைக்குச் சென்று, குற்றமற்றவனை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். அரச குமாரர்கள் பதில் பேசவில்லை.