சொல்லாமல் விடுவது

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணித் தெருக்கள் காவடிக் கூட்டத்தால் நிறைந்திருந்தன. சென்னைக்குத் திரும்பவேண்டிய என் பழைய மாணவர் ஒருவர், நெரிசல் குறையட்டும் என்று என் வீட்டில் வந்து அமர்ந்தார். கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர். பேச்சினிடையே ஒரு தாளை எடுத்து நீட்டி, "ஹஜ்ரத், இதில் நான் கையெழுத்திடலாமா?" என்று வினவினார்.

இணையப் பக்கங்களை அமைத்து வெளியிடும் முறையொன்றை அவரும் தோழர்களும் உருவாக்கியுள்ளனர். அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கோர நிறுவனம் முனைகிறது. அம்முறையின் அசல் கண்டுபிடிப்பாளர்களுள் தாமும் ஒருவர் எனத் தாம் நம்புவதாக அவர் உறுதி கூறவேண்டும். ஆனால், எவரும் விலையின்றி எடுத்தாளலாம் என விடப்பட்ட மென்பொருள் ஒன்றில் ஏறக்குறைய அதே முறையைச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்டிருக்கிறார். மேலதிகாரியோ, "தேடிப் பார்ப்பது காப்புரிமை அலுவலகத்தின் வேலை, நாம் பொய் ஏதும் சொல்லவில்லையே!" என்றாராம்.

நம் நாட்டில் ஏன் கோரவில்லை என்று கேட்டேன். கணினி நிரல் தன்னளவில் காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்பு ஆகாது என்பது 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நம் சட்டத்தில் இடம்பெற்றது. 2004 இறுதியில் அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அக்கதவைச் சற்றே திறக்க முயன்றது. 2005இல் நாடாளுமன்றம் அதற்கு இசையவில்லை.

அறிவுக்கு உரிமை கொண்டாடுவதே ஆகுமா என்று நம்மவரில் சிலர் கேட்பர். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலுரிமையும் கண்டுபிடிப்புரிமையும் ஷரீஅத் காக்கும் உரிமைகளே என்று தீர்மானித்தது. ஆகவே உரிமை கோருவதில் குற்றமில்லை. எதைத் தனதென்று கோருகிறோம் என்பதில்தான் இடர்ப்பாடு.

அமெரிக்காவில் இயோலாஸ் என்னும் நிறுவனத்தின் வழக்கு இதற்கு நல்ல சான்று. இணையப் பக்கத்தினுள்ளேயே வேறொரு நிரலை இயங்கச் செய்யும் முறைக்கு 1994 அக்டோபரில் விண்ணப்பிக்கப்பட்டு, 1998இல் காப்புரிமை வழங்கப்பட்டது. 2003இல் மைக்ரோசாஃப்ட் 52 கோடி டாலர் தரவேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர். எனினும் பெய் வெய் என்னும் இளைஞர் தம் 'வயோலா' மென்பொருளில் அத்தகையதொன்றை 1993 மே மாதத்திலேயே இயக்கிக் காட்டியிருந்தார். அச்சான்றை ஜூரிகள் முன் வைக்காதது தவறென்று 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. விண்ணப்பித்தவர் வயோலாவை அறிந்திருந்தும் அலுவலகத்துக்கு அறிவிக்காமல் விட்டாரா என்ற கேள்வியையும் மறுவிசாரணைக்கு அனுப்பிற்று. 2007இல் மைக்ரோசாஃப்டுடன் சமரசம் ஏற்பட்டுவிட்டது. பிற நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கில், 2012 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகர ஜூரிகள் அக்காப்புரிமையின் கோரிக்கைகள் செல்லாவென்றனர். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ அங்கே நேரில் வந்து சாட்சியம் அளித்தார்.

இதைக் கேட்டபோது எனக்கு ஹதீஸ் கலையில் 'தத்லீஸ்' எனப்படும் குறைபாடு நினைவுக்கு வந்தது. ஓர் அறிவிப்பாளர் தம் ஆசிரியரிடமிருந்து ஒரு செய்தியை நேரில் கேட்டிருக்கமாட்டார். இடையில் மற்றொருவர் இருப்பார். அவர் பெயரை விட்டுவிட்டு, 'இன்னாரிடமிருந்து' என்று மட்டும் சொல்வார். 'நான் கேட்டேன்' என்று சொல்லவில்லை, ஆகவே பொய்யில்லை. ஆனால் கேட்பவர் உள்ளத்தில் நேரில் கேட்டதாகவே பதியும். அத்தகையோர் 'நானே கேட்டேன்' என்று வெளிப்படக் கூறினாலன்றி அவர்தம் அறிவிப்பை முஹத்திஸ்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. வணிகத்தில் சரக்கின் பழுதை மறைத்து விற்பதற்கும் அரபியில் இதே சொல்தான்.

என் மாணவர் அம்மென்பொருளைக் காணாமலேயே இம்முறையைத் தாமாகக் கண்டறிந்திருந்தால்? காப்புரிமை பிறகு செல்லாமற் போகலாம். அவர் மீது பழியில்லை. உரிமை இல்லாதிருப்பது வேறு, குற்றம் வேறு. அவரோ கண்டவர். தவிரவும், விண்ணப்பத்துக்கு இன்றியமையாததெனத் தாம் அறிந்ததைக் கண்டுபிடிப்பாளர் மறைக்கலாகாது என்பது அமெரிக்க அலுவலகத்தின் விதி. மேலதிகாரி அதைப் படித்திருக்கவில்லை போலும்!

"அம்மென்பொருளின் பெயரை எழுதிக் கொடுங்கள். அதற்கு மேலும் புதியது ஏதேனும் உம்மிடம் இருந்தால் அதற்கு மட்டும் உரிமை கேளுங்கள்" என்றேன். காப்புரிமை கிடைத்தால் ஊழியர்க்கு வெகுமதி உண்டாம். தங்கையின் நிக்காஹ் செலவுக்கு அதை எண்ணியிருந்தார். அதைக் கேட்டபின் எனக்கும் சிறிது நேரம் பேச்செழவில்லை.

பத்து நாட்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாராம். நிறுவனம் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறது.